கைமாற்றுவது விடுதல் ஆகாது

சில்லறைக் காரியங்களைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பெரிய காரியங்களில் மனத்தைச் செலுத்துகிறவனே வாழ்க்கையில் முன்னேறுவான் என்ற அபிப்பிராயம், படித்தவர்களிடையே இன்று விவாதத்துக்கே இடமில்லாத ஒரு சித்தாந்தமாக நிலைபெற்றுவிட்டது. சுயமுன்னேற்ற நூல்கள் அதைப் போதிக்கின்றன. கம்பெனிகளின் பயிற்சி வகுப்புகளில் நாலு கட்டம் போட்டு அதைப் படமாகவே வரைந்து காட்டுகிறார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் வேலைக்குச் சேரும் பேரனுக்கு அதைப் புத்திமதியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, கரண்ட் பில் கட்டுவது, வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவது முதலானவை நம் நேரத்தையும் சக்தியையும் உறிஞ்சிவிடுகின்றன, ஆகையால் அவற்றை விட்டுவிட வேண்டும் என்பது உபதேசம். அது தவறு என்பதும், எந்தச் சுமையைக் குறைப்பதாகச் சொல்கிறதோ அந்தச் சுமையையே அது சிரஞ்சீவியாக்குகிறது என்பதும் என் கட்சி.

பூர்வபட்சத்தை அதன் மிக வலுவான உருவத்திலேயே எடுத்துக்கொள்வதுதான் நியாயம். 1817-ல் டேவிட் ரிக்கார்டோ எழுதிய பொருளியல் நூலில் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் துணியையும் மதுவையும் பண்டமாற்றுச் செய்துகொள்ளும் உதாரணம் ஒன்று வருகிறது. ஓராண்டுக்குரிய துணியை நெய்ய இங்கிலாந்துக்கு 100 ஆட்கள் தேவை, மதுவுக்கு 120; போர்ச்சுகலுக்கோ துணிக்கு 90 ஆட்களும் மதுவுக்கு 80 ஆட்களுமே போதும். இரண்டிலும் போர்ச்சுகலே சமர்த்து என்றாலும், அது மதுவை மட்டும் செய்து துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொண்டால் இரு தேசங்களுக்குமே லாபம் என்று அவர் நிரூபித்தார். பிற்காலத்துப் பாடநூல்கள் இதையே ஊரிலேயே சிறந்த வக்கீல், அவரே ஊரிலேயே வேகமான டைப்பிஸ்டும்கூட என்று கதையாக்கின. அவர் டைப் அடிக்கும் ஒவ்வொரு மணியும் வழக்காடும் ஒரு மணியைத் தின்கிறபடியால், தம்மைவிட மெதுவாக அடிக்கிற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதே அவருக்கும் லாபம், அந்த ஒருவருக்கும் பிழைப்பு. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. தேசங்களுக்கும் வியாபாரங்களுக்கும் அது பொருந்துகிற அளவில் அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அடுப்பங்கரைக்கும் ஆபீசுக்கும் அதைக் கொண்டுவந்து மாட்டுகிற இடத்தில்தான் என் ஆட்சேபணைகள் ஆரம்பமாகின்றன.

1. மிச்சம் பிடித்த நேரத்தை எந்தச் சந்தையில் விற்கப் போகிறார்கள்?

வக்கீலின் கதை செல்லுபடியாவது, டைப் அடிப்பதிலிருந்து தப்பிய ஒவ்வொரு மணியையும் அவரால் அதே பீஸுக்கு விற்க முடிந்தால்தான். கட்சிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். கோர்ட்டும் திறந்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு குமாஸ்தா இரவு எட்டரை மணிக்குத் தம் தட்டைக் கழுவாமல் எழுந்துபோவதால் மிச்சமாகும் ஐந்து நிமிஷத்தை வாங்க உலகில் எந்த வியாபாரியும் இல்லை. காலையில் ஐந்து, மத்தியானம் பத்து, இரவில் ஐந்து என்று உதிரியாகத் தப்பிய நிமிஷங்களை ஒன்றோடொன்று சேர்த்து முடிந்து, ஞாயிற்றுக்கிழமை உபயோகிக்கத்தக்க ஒரு முழு மணியாக ஆக்கிக்கொள்ளவும் வழி கிடையாது. எல்லா மணியும் ஒரே தரம் என்று இந்தக் கணக்குப் பாவிப்பது அதைவிடப் பெரிய பிழை. பகலெல்லாம் கணக்குப் புத்தகத்தில் கண்ணை நட்டவனுடைய சாயங்கால அரைமணி, பெரிய காரியம் எதற்கும் லாயக்கற்றது; துணி மடிக்கவும் கீரை ஆயவும்தான் அது லாயக்கு. அந்த வேளைக்கு அந்த வேலை ஓர் ஓய்வும் ஆகும். அதைப் பிடுங்கிவிட்டால் அங்கே மகாகாவியம் எழுதப்படப் போவதில்லை. கைப்பேசியைத்தான் எடுப்பான்.

2. விட்ட வேலை எங்கே போய் விழுகிறது?

ரிக்கார்டோவின் இங்கிலாந்துக்கு மது கிடைத்தது, டைப்பிஸ்டுக்குச் சம்பளம் கிடைத்தது. வீட்டில் ஒரு புருஷன் விட்டுவிட்ட சில்லறைக் காரியத்தை எடுத்துச் செய்கிறவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பூர்வபட்சத்தார் அன்பு, கடமை, குடும்பப் பாங்கு என்று பொருளியலில் இல்லாத பதார்த்தங்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்குகிறார்கள். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை 2019-லும் 2024-லும் தேசமெங்கும் விசாரித்திருக்கிறது. 2024-ன் கணக்குப்படி, தம் குடும்பத்துக்காகச் சம்பளமில்லாமல் வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அந்த ஆண்களும் நூற்றுக்கு 27 பேர்தான். மற்றவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பெண்களிலோ நூற்றுக்கு 81 பேர் செய்கிறார்கள்.

இதைவிட எனக்குப் போதனையாகத் தோன்றுவது இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். 2019-ல் பெண்களுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது என்று மகிழப் போகும்போதே, ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டிருப்பதைக் காண்கிறோம். கேஸ் அடுப்பும் குழாய்த் தண்ணீரும் கடை மாவும் இன்ன பிறவும் எவ்வளவு சுமையை இறக்கிவைத்தனவோ தெரியாது. ஆனால் அவள் தோளிலிருந்து அவன் தோளுக்கு ஒரு பொட்டலமும் மாறவில்லை என்பது தெரிகிறது. சில்லறைக் காரியங்களை விட்டுவிடச் சொல்லும் உபதேசத்தைக் கேட்கும் காதுகள் யாருடையவை என்பதற்கு இதற்கு மேல் சாட்சியம் வேண்டாம்.

கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறோமே, அங்கே பண்டமாற்று நியாயமாகத்தானே நடக்கிறது என்று கேட்கலாம். ஓரளவு நடக்கிறது, அதற்குள்ளும் ஒரு சங்கடம் இருக்கிறது. நாலு வீட்டில் பற்றுத் தேய்த்துவிட்டு மத்தியானம் திரும்புகிற ஓர் அம்மாளுக்கும் சொந்தமாக ஒரு வீடும், அந்த வீட்டில் தேய்க்காத பாத்திரமும் உண்டு. அவள் தன் சில்லறைக் காரியங்களை யாரிடம் விடுவாள்? பெரும்பாலும் தன் மூத்த பெண்ணிடம். ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளப்பட்டுக்கொண்டே வரும் வேலை, கடைசியில் தள்ளுவதற்குக் கீழ்ப்படி இல்லாத ஒரு சிறுமியின் படிப்பு நேரத்தில் போய் நிற்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு வார விடுமுறை உள்ளிட்ட உரிமைகளை வகுத்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியது. நம் தேசம் அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. நியாயமான பண்டமாற்று என்கிறவர்கள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்படி ஒரு வார்த்தை கேட்டதாக நான் அறியேன்.

3. ஒப்படைத்த வேலை தலையை விட்டுப் போகிறதா?

கைதான் ஓய்கிறது. இஸ்திரிக்குத் துணி போடுகிற மிக எளிய காரியத்தையே பாருங்கள். உருப்படி எண்ண வேண்டும். எண்ணியதை எழுதிவைக்க வேண்டும். வண்டிக்காரர் வரும் நேரம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பட்டுக்கரை வேஷ்டிக்குச் சூடு குறைக்கச் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததை மறுபடி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும். சில்லறை இல்லையென்றால் பாக்கியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிடித்து இரண்டு சட்டையைத் தேய்க்க எத்தனை நேரம் ஆகுமோ அதற்குக் குறையாத நேரம் இதில் போகிறது. அதோடு, தேய்க்கிற வேலையில் இல்லாத கவலை ஒன்றும் கூடச் சேர்கிறது. நம்மைக் களைக்கச் செய்வது பெரும்பாலும் செய்கிற வேலை அன்று. செய்விக்க வேண்டிய வேலை. அநேக வீடுகளில் அந்த ஞாபக பாரத்தைச் சுமக்கிறவர் யார் என்பதை இரண்டாவது ஆட்சேபணையே சொல்லிவிட்டது.

ஆபீஸ்களில் இது எப்படி விசுவரூபம் எடுக்கிறது என்பதை ஸி. நார்த்கோட் பார்க்கின்ஸன் 1955-ல் எழுதிய கட்டுரையில் பரிகாசமாகக் காட்டினார். வேலை மிகுந்துவிட்டதாக நினைக்கும் ஓர் அதிகாரி, அதைப் பகிர்ந்துகொள்ள உதவியாளர் இருவரைப் பெறுகிறார். அவர்களுக்கும் வேலை மிகுந்து அவர்களும் ஆளுக்கு இருவரைப் பெறுகிறார்கள். ஒரு கடிதம் வந்தால் அது ஏழு பேரிடம் சுற்றி, கடைசியில் முதல் அதிகாரியிடமே வந்து, அவர் எல்லாத் திருத்தங்களையும் அடித்துவிட்டு, தாமே முதலில் எழுதியிருக்கக்கூடிய பதிலை எழுதி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். பரிகாசம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்காக அவர் பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கையும் கொடுத்தார். 1914-க்கும் 1928-க்கும் இடையே பெரும் போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20-ஆகக் குறைந்தன. தலைமை அலுவலக அதிகாரிகள் 2,000-லிருந்து 3,569 ஆனார்கள். கப்பலே போய்விட்டது, கப்பலைப் பற்றிய காகிதம் போகவில்லை. அங்கே எவரும் சோம்பேறி அல்லர், ஒவ்வொருவரும் தமக்குச் சிறிது என்று பட்டதைக் கீழே கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

4. எது சிறிது என்று தீர்ப்புச் சொன்னது யார்?

நேரத்தை உறிஞ்சுவதால் ஒரு வேலை சிறிது என்றால், முடிவெடுக்காமல் கலையும் மீட்டிங்குகள் அல்லவா முதலில் அந்த ஜாபிதாவில் ஏற வேண்டும்? அவை ஏறுவதில்லை, ஏனெனில் அங்கே காபி வருகிறது, நாற்காலி இருக்கிறது, கௌரவம் இருக்கிறது. ஜாபிதாவில் ஏறுவன துடைப்பமும் துணியும் பாத்திரமும். அளவுகோல் நேரமும் அல்ல, சக்தியும் அல்ல, அந்தஸ்துதான் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டால், இந்தச் சித்தாந்தம் மேனாட்டு நிர்வாக சாஸ்திரம் நமக்குக் கொடுத்த புதுச் சரக்கு என்ற பிரமையும் நீங்கும். சிறிய காரியங்களை ஒரு சாரார் விட்டுவிடுவதிலும், அவற்றை எடுப்பதற்கென்றே இன்னொரு சாராரைப் பிறப்பின் பேரால் நியமித்துவிடுவதிலும் நமக்கு இருக்கும் அநுபவம் எந்த மேனாட்டானுக்கும் இல்லை.

இதற்குப் பிரத்தியட்ச உதாரணம், மலத்தை மனிதர் கையால் அள்ள வேண்டிய எடுப்புக் கக்கூஸ். 1901-ல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்குப் போயிருந்த காந்தி, பிரதிநிதிகளின் முகாமில் கழிப்பிடங்கள் நாறிக் கிடப்பதைக் கண்டு தொண்டர்களிடம் சொன்னபோது, அது தோட்டியின் வேலை என்று அவர்கள் பதில் சொன்னதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக் கைதட்டல் வாங்கிவிடுவார்கள். காந்தி நிறுத்தவில்லை. கூட்டம் அதிகம், கழிப்பிடங்கள் குறைவு, அடிக்கடி சுத்தம் செய்வது தம் ஒருவரால் ஆகிற காரியமாக இல்லை, ஆகவே தமக்கு வேண்டிய மட்டும் செய்துகொண்டதோடு திருப்தியடைய வேண்டியிருந்தது என்று கூடவே எழுதிவைத்திருக்கிறார். என் கட்சிக்கு அந்தப் பின்பாதிதான் முக்கியம். எல்லோரும் தத்தம் சிறு வேலையைத் தாமே செய்துகொள்ளட்டும் என்ற எதிர் உபதேசத்தை நான் செய்ய வந்திருப்பதாக எவரும் நினைக்க வேண்டாம். காந்தியின் துடைப்பமும் அந்த வேலையை ஒழிக்கவில்லை.

அதை ஒழிக்கக் கூடியது வேறு. மலத்தை மனிதன் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி கக்கூஸின் அமைப்பை மாற்றுவது. பீகாரில் பிந்தேஸ்வர் பாடக் 1970-ல் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறையில் அபூர்வமான விஞ்ஞானம் ஏதும் இல்லை. ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் தள்ளிவிடுகிற சரிவான பீங்கான், இரண்டு குழிகள், ஒன்று நிரம்பியதும் வழியை மற்றொன்றுக்குத் திருப்புவது, முதல் குழியிலிருப்பது நாளடைவில் நாற்றமற்ற எருவாகிவிடுவது. இவ்வளவுதான் சூட்சுமம். செங்கல்லும் சிமெண்டும் அதற்கு முன்னாலும் இருந்தன. கட்டக்கூடிய பணமும் பல வீடுகளில் இருந்தது. ஆனால் கட்டக் கூடியவர்கள் வேலையை வேறொருவர் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தபடியால், அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. கோலார் தங்கவயலில் அந்த வேலையைச் செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும் அவருடைய தோழர்களும், கூலியை உயர்த்து, கையுறை கொடு என்று கேட்பதோடு நிற்காமல், எடுப்புக் கக்கூஸ்களைக் கடப்பாரையால் இடிக்கவே கிளம்பினார்கள். சுமையின் கனம் அறிந்தவர்களுக்குத்தான் அதை வேறு ஒருவரிடம் மாற்றுவதில் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது. மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-ல் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டாங்க்கையும் சேர்த்து இன்னொரு சட்டம் வந்தன. சாக்கடைக் குழியில் இறங்கி இறப்போரின் குடும்பத்துக்கு நஷ்டஈட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக 2023-ல் உச்ச நீதிமன்றம் உயர்த்த வேண்டியிருந்தது என்றால், கைமாற்றிய வேலை இன்னும் எத்தனை கைகளில் இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளலாம்.

5. வலி ஓரிடத்தில், அதிகாரம் வேறிடத்தில்

என் ஆட்சேபணைகளில் இதுவே பிரதானம். மற்றவை இதற்கு வாயிற்படிகள். ஒரு வீண் வேலையை ஒழிக்க இரண்டு வேண்டும்: அது வீண் என்று உறுத்த வேண்டும், நிறுத்தவும் சக்தி வேண்டும். வேலையைக் கீழே கொடுத்துவிடுகிற அந்த நொடியிலேயே இவ்விரண்டும் பிரிந்துபோகின்றன. உறுத்தல் கீழே இறங்கிவிடுகிறது. சக்தி மேலேயே தங்கிவிடுகிறது. அப்புறம் அந்த வேலைக்கு மரணமே இல்லை.

அட்டெஸ்டேஷன் வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரிக்கோ உத்தியோகத்துக்கோ விண்ணப்பம் போட வேண்டுமானால் மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் அது அசலின் நகலே என்று ஒரு கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஊரில் அப்படி ஒருவர் யார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தால் நோயாளிகளின் வரிசை முடிய வேண்டும். ஹெட்மாஸ்டராக இருந்தால் அவர் பள்ளிக்கூடத்தில் படித்த பையனா என்று கேட்பார். தாலுகா ஆபீசாக இருந்தால் ஐயா கேம்ப் போயிருப்பார். பிளாஸ்டிக் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் பேனா வைத்துக்கொண்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அன்று எந்த ஆபீஸ் வாசலிலும் பார்க்கலாம். அந்த ஆபீசருக்கும் அது தொல்லைதான். எனவே அவர், நம் சித்தாந்திகள் சொல்கிறபடியே, அந்தச் சில்லறைக் காரியத்தை விட்டுவிட்டார். குமாஸ்தா அசலைப் பார்க்க வேண்டியது. டவாலி ரப்பர் ஸ்டாம்பைக் குத்த வேண்டியது. கட்டாக வந்தால் பச்சை மைப் பேனாவால் கீழே ஒரு சுழி போடுவது மட்டும் அவர் பங்கு. கொஞ்ச நாளில் குமாஸ்தா அசலைப் பார்ப்பதையும் டவாலியிடம் விட்டார். டவாலி எதைப் பார்த்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சடங்கினால் எந்தப் பொய்ச் சான்றிதழும் பிடிபட்டிராது என்பதை ஊகிக்கப் பெரிய மேதை வேண்டாம். ஏனென்றால், சேர்க்கையின்போதும் நியமனத்தின்போதும் எப்படியும் அசலைக் கேட்டு வாங்கிப் பார்க்கத்தான் செய்தார்கள். அப்படியானால் இத்தனை காலம் அது ஏன் நீடித்தது? பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது வீண் என்று தெரியும்; அவனால் அதை நிறுத்த முடியாது. நிறுத்தக் கூடிய ஸ்தானத்தில் இருந்தவருக்கு அது ஒரு சுழி; ஒரு சுழிக்காக எவரும் விதியைத் திருத்த உட்கார மாட்டார். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்தக் குழு 2009-ல் கொடுத்த தன் பன்னிரண்டாவது அறிக்கையில், விண்ணப்பிக்கிறவரே கையெழுத்திட்டு உறுதி சொன்னால் போதும் என்று பரிந்துரைத்தது. அதை ஏற்று மத்திய அரசு 2013-லும் மறுபடி 2014-லும் எல்லா இலாகாக்களுக்கும் மாநிலங்களுக்கும் வற்புறுத்தி எழுதியது. பெரும்பாலான இடங்களில் சடங்கு போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. டவாலிக்கு அதிகம் கொடுத்திருந்தாலோ, கெஜட்டட் ஆபீசர்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தாலோ, இணையத்தில் முன்பதிவு வைத்திருந்தாலோ அது போயிருக்காது. இன்னும் சௌகரியமாக நடந்திருக்கும்.

சௌகரியமாக நடப்பதுதான் ஆபத்து. வீட்டிலும் இதே கதைதான். வருஷம் முழுவதும் வீட்டுக்காரி கேட்டும் வாங்கப்படாத வாஷிங் மெஷின், அவள் பிரசவத்துக்குப் பிறந்தகம் போன மாதத்தில், புருஷன் தம் சட்டையைத் தாமே இரண்டு முறை துவைத்த கையோடு வாங்கப்படுவதை அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்திருக்கலாம்.

இனி, என்மேல் திருப்பப்படக் கூடிய இரண்டு கேள்விகள்.

வேலையை ஒழிப்பதாகச் சொல்லும் இயந்திரங்களும் வேலையை வளர்க்கத்தானே செய்கின்றன என்று கேட்பவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. அமெரிக்காவில் உத்தியோகத்துக்குப் போகாத பெண்கள் 1920-களில் வாரத்துக்கு 52 மணி நேரமும் 1960-களில் 55 மணி நேரமும் வீட்டு வேலை செய்தார்கள் என்று ஜோவான் வானெக் 1974-ல் கணக்கிட்டுக் காட்டினார். நடுவில் வந்த மின்சார இயந்திரங்கள் எல்லாம் அந்த நேரத்தைக் குறைக்கவில்லை. நம் ஊர்க் கதையும் அதற்குச் சாதகமாகவே ஆரம்பிக்கிறது. 1955-ல் கோயம்புத்தூரில் ப. சபாபதி என்பவர் மின்சார மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்குவதற்கு முன், இட்லிக்கு அரைப்பதென்றால் ஆட்டுக்கல்லின் முன் காலை மடக்கி உட்கார்ந்து, வலக்கையால் குழவியைச் சுற்றி, இடக்கையால் வழிந்த மாவைக் குழிக்குள் தள்ளித் தள்ளி, உளுந்து பொங்கி வருகிற வரை தோள்பட்டை கழன்றுபோக ஆட்ட வேண்டும். அதனாலேயே பல வீடுகளில் இட்லியும் தோசையும் அமாவாசைக்கும் தீபாவளிக்கும் உரிய பட்சணங்களாக இருந்தன. கிரைண்டர் வந்ததும் அவை அன்றாட ஆகாரம் ஆயின. மிச்சமான நேரத்தின் ஒரு பகுதியை இன்னொரு ஈடு தோசை விழுங்கிவிட்டது. உண்மை. ஆனால் விழுங்கியது நேரத்தைத்தான், தோள்பட்டையை அன்று. இன்று தெருமுனைக் கடையில் மாவைப் பையில் கட்டி விற்கிறார்கள்; அரைக்கிறவருக்குக் காசு கிடைக்கிறது, வாங்குகிறவருக்குக் காலை கிடைக்கிறது. ரிக்கார்டோ உயிரோடிருந்தால் தம் சித்தாந்தம் சுத்தமாகப் பலித்த இடம் என்று இதைத்தான் காட்டுவார். நானும் மறுக்க மாட்டேன். இயந்திரம் குறைத்ததை ஆசை வளர்த்ததென்றால், அடுத்து விட வேண்டியது மூன்று வேளைக்கும் சூடாக இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை. அதை விட வேண்டியவர் சமைக்கிறவர் அல்லர், சாப்பிடுகிறவர்.

எல்லா வேலைகளையும் ஒழித்துவிட முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. முடியாதுதான். பசித்த குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை எந்தச் சீர்திருத்தக் குழுவும் ரத்து செய்ய முடியாது. படுக்கையில் விழுந்த முதியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை, புண் வராமல் முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவதை, இரவில் அவர் கூப்பிடும் முதல் குரலுக்கே எழுந்திருப்பதை எவரும் வீண் வேலை என்று கூற மாட்டார்கள். இவற்றை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். முடியாத குடும்பம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளலாம், அதில் பாவமும் இல்லை. பூர்வபட்சத்தார் மாத்திரம் இவற்றையும் சக்தியை உறிஞ்சும் சில்லறைக் காரியங்களின் ஜாபிதாவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க நேரும்போது அவர்களே எழுதுவது வேறு மாதிரி இருக்கிறது: முன் அநுபவம் வேண்டும், இரவு தங்க வேண்டும், பொறுமைசாலியாக இருக்க வேண்டும், மாத்திரைச் சீட்டுப் படிக்கத் தெரிய வேண்டும், நம்பிக்கையானவராக இருக்க வேண்டும், தெரிந்தவர் சிபாரிசு அவசியம். தம் கம்பெனிக்கு மானேஜர் தேடுகிறபோதுகூட இத்தனை யோக்கியதைகளை அவர்கள் கேட்பதில்லை.